ஐந்தாவது இடைவெளி

குளிர்ந்த வட்டம் ஒன்று நெஞ்சின்மேல் வந்து உட்காருகிறது, அதற்கு அடியில் நான் கிடக்கிறேன், மேசையின் ரெக்சின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, எழுந்து அதை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் பாளையங்கோட்டை வெயிலில் கலந்துவிட வேண்டும்போல் இருக்கிறது, ஏல நெளியாம கெடல, என்கிறான் செல்வின், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியவனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிதென்று தெரிவதில்லை, வகுப்பே சிரிக்கிறது. மருத்துவ உதவியாளர் படிப்பில் உடற்கூறு வகுப்பு இப்படித்தான், பொம்மை ஒன்று உண்டு, வயிற்றைத் திறந்தால் ஈரலும் குடலும் பிளாஸ்டிக்கில் கழன்று வரும், ஆனால் பொம்மைக்கு நெஞ்சு துடிக்காது, அதனால் வாரம் ஒருவன் மேசையில் ஏறிப் படுக்க வேண்டும், படுத்தவன் பேசக் கூடாது, அது எப்சிபா மேடத்தின் சட்டம், நீ இப்ப ஆளு இல்லப்பா, பாடி, பாடி வாயத் தொறக்குமா. இத்தனை வாரமும் நான் நழுவிக்கொண்டே வந்தேன், ஒருநாள் சளி என்றேன், ஒருநாள் அக்குளில் கொப்புளம் என்றேன், மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், என் கனம் மடியில் இல்லை, இடது மார்புக்குக் கீழே இருக்கிறது.

அங்கே ஒரு சத்தம் இருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியும். இதயத்தைப் பற்றி மேடம் பாடம் எடுத்த அன்று கரும்பலகையில் நான்கு அறை போட்டு, அறைக்கு அறை கதவு வரைந்து, இந்த வால்வு மூடும்போது லப், அந்த வால்வு மூடும்போது டப், நடுவுல ஒன்னும் கேக்கக் கூடாது, கேட்டா கதவு சரியா சாத்தலன்னு அர்த்தம், என்றார், அன்று விடுதிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு என் நெஞ்சில் நானே வைத்துக் கேட்டேன், லப்புக்கும் டப்புக்கும் நடுவே உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது, குழாய்தான் ஒழுகுகிறதோ என்று திருகிப் பார்த்தேன், அது இறுக்கமாகத்தான் இருந்தது, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன், கண்ணை மூடினால் கோவில்பட்டி ஆஸ்பத்திரி வராண்டா வருகிறது, எனக்கு எட்டு வயது, தொண்டைவலி வந்து போன பிறகு முழங்கால் வீங்குகிறது, அது வற்றினால் கணுக்கால் வீங்குகிறது, அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், எட்டு வயதில் இடுப்பில் ஏறிய வெட்கம் எனக்கு, மூணு வாரத்துக்கு ஒருக்க இந்த ஊசி, விட்டா மூட்டுல இருக்குறது நெஞ்சுக்குப் போயிரும், பெரிய ஆளாகுற வரைக்கும் நிறுத்தக் கூடாதும்மா, என்கிறார் டாக்டர், சரி சரி என்று அம்மா தலையாட்டுகிறாள், பிறகு நாங்கள் ஊர் மாறினோம், வீக்கம் வரவில்லை, ஊசியும் நின்றது, நல்லாத்தான ஓடுதான், இன்னும் எதுக்குப் புள்ளையப் போட்டுக் குத்தணும், என்றாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன், நானும் சந்தோஷமாகத்தான் ஓடினேன், உள்ளே ஒரு கதவு கோணிக்கொண்டிருப்பது தெரியாமல்.

இப்போது அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஆள் எடுக்கிறார்கள், உடம்பில் குறை இருக்கக் கூடாது, மாமா பெட்டியே வாங்கி பீரோ மேல் வைத்தாயிற்று, கனவில் அந்தப் பெட்டிக்குள் நான் மடங்கிப் படுத்திருக்கிறேன், வெளியே அம்மா ஜிப்பை இழுக்கிறாள், மூச்சு முட்டுதும்மா என்கிறேன், விழித்து உட்கார்ந்தால் விழித்த பிறகும் முட்டுகிறது. வெளியே தெரிந்தால் மஸ்கட் போய்விடும், தெரியாமலே இருந்தால் ஒருநாள் நான் போய்விடுவேன், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மேசையில் கிடக்கிறேன். செல்வின் விலா எண்ணவில்லை, எண்ணி ஐந்தாவது இடைவெளியில் வைக்கணும் என்று மேடம் படித்துப் படித்துச் சொன்னார், இவன் சினிமாவில் கதாநாயகன் சத்தியம் செய்யக் கை வைப்பானே, அங்கே வைத்தான், கேட்டான், பேனாவால் என் தோல்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டான், லப் டப், நார்மல் மேடம், ஜன்னலோரம் குனிந்து எழுதிக்கொண்டே மேடம் அடுத்து என்றார், முன் ஏர் போன வழியே பின் ஏர், ஒவ்வொருவராக வந்து அந்தக் குறியின்மேலேயே வைக்கிறார்கள், நார்மல் மேடம், நார்மல் மேடம், கீழ்வீட்டுச் சத்தத்துக்கு மாடிக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறார்கள், தப்பித்துவிட்டேன், சிரிப்பு வருகிறது, சிரிப்புக்குப் பின்னாலேயே அழுகையும் வருகிறது, இத்தனை பேர் நெஞ்சில் காது வைத்தும் ஒருத்தருக்கும் நான் கேட்கவில்லை.

கடைசியாக மாடத்தி வந்தாள், எதையும் மெதுவாகச் செய்கிறவள், பதில் தப்பாகிவிடுமோ என்று எப்போதும் பயந்த முகம், குறியைப் பார்த்தாள், அதில் வைக்கவில்லை, மார்பெலும்பில் ஒரு மேடு தேடிப் பிடித்தாள், அங்கிருந்து விரல் இறங்குகிறது, ரெண்டு, மூணு, உதடு அசைகிறது, நாலு, வேண்டாம் மாடத்தி, அஞ்சு. வைத்தாள். புருவம் சுருங்கிற்று, எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள், மேடம், எனக்கு என்னமோ ஊதுத மாதிரி கேக்கு. வகுப்பு கொல்லென்று சிரித்தது, அது ஃபேனு சத்தம்ளா, என்றான் செல்வின், எல்லாருக்கும் நார்மல், உனக்கு மட்டும் எப்படிம்மா ஊதும், காதுல ஒழுங்கா மாட்டுனியா, என்றார் மேடம் தலை நிமிராமல், மாடத்தியின் முகம் வாடிவிட்டது, என் தப்புதான் மேடம், நார்மல்தான், என்று வட்டத்தை எடுக்கப் போனாள்.

எடுத்திருந்தால் பெட்டி பீரோவிலிருந்து இறங்கியிருக்கும், அம்மா தெருவில் தலைநிமிர்ந்து நடந்திருப்பாள், ஆனால் இனி ஒருவரும் விரல்விட்டு எண்ணி அங்கே இறங்கி வரப் போவதில்லை, அந்தப் பயம் மஸ்கட்டைவிடப் பெரிதாக இருந்தது, என் கை அவள் கையைப் பிடித்து வட்டத்தோடு அழுத்திக்கொண்டது, மேடம், இவ வச்ச இடந்தான் சரி, இவ கேட்டதும் சரி, என்றேன், பாடி பேசிவிட்டது, சிரிப்பு நின்றுவிட்டது, நாற்காலி நகர்கிறது, எப்சிபா மேடம் வருகிறார், மாடத்தியின் காதிலிருந்து வாங்கித் தன் காதில் மாட்டிக்கொள்கிறார், குனிகிறார், ஃபேன அணைங்க, என்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவர் முகத்தில் டீச்சர் போய் வேறு யாரோ வருகிறார்கள், எத்தன நாளாப்பா தெரியும் ஒனக்கு, மழைக்கு முன்னாடியே மேடம், ஏம்ப்பா சொல்லல, கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டையைப் பார்க்கிறேன், எழுந்தால் அதைப் போட வேண்டும், சட்டை போட்டால் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும், எதையெடுத்துப் பேசுவேன், வட்டம் இப்போது குளிரவில்லை, என் சூட்டிலேயே ஊறி வெதுவெதுப்பாக இருக்கிறது, மேடம் அதை எடுக்கப் போகிறார், இன்னும் கொஞ்ச நேரம் கேளுங்க மேடம், என்கிறேன்.