மணிமேகலை மிஸ்ஸின் நம்பர்

மணிமேகலை இறந்து அன்று முப்பத்தெட்டாம் நாள். அவளுடைய போன் நன்றாக இருந்தது.

அரவிந்தன் அதற்குத் தினமும் சார்ஜ் போட்டான். பாசம் என்று யாராவது சொன்னால் மறுத்திருப்பான். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு சார்ஜர் செருகியிருந்தது. ஒன்றில் தன் போனை மாட்டிவிட்டு இன்னொன்றைச் சும்மா தொங்கவிடுவது அவனுக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் போனைத் திறக்க அவனால் முடியாது. திரையில் இருக்கும் ஒன்பது புள்ளிகளை அவள் எந்த வரிசையில் இழுப்பாள் என்று நான்கு வருடக் குடித்தனத்தில் அவன் கவனித்ததில்லை. பூட்டிய திரையில் செய்திகளின் முதல் வரி மட்டும் தெரியும். நகைக்கடைத் தள்ளுபடி, பள்ளி வாட்ஸப் குழுவில் யாருக்கோ பிறந்தநாள். அழைப்பு வந்தால் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பான்.

மூன்று நாளாகப் புதிதாக ஒன்று வந்துகொண்டிருந்தது. ஆறு இலக்க எண், அதை அடுத்து, 'இது உங்கள் ஓடிபி, யாரிடமும் பகிர வேண்டாம்'. காலையில் நாலு, மத்தியானம் ஐந்து, சாயங்காலம் ஏழெட்டு. எவனோ அவள் பணத்தைத் திருடப் பார்க்கிறான் என்று நினைத்து வங்கிக்குப் போனான். அந்தக் கணக்கைப் போன மாதமே முடக்கியாகிவிட்டது, எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே என்றார்கள். அவனுக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டான். யாரிடமும் பகிர வேண்டாம் என்று செய்தியிலேயே போட்டிருந்தது. அவன் யாரிடமும் பகிரவில்லை.

வியாழக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து, துவாக்குடியிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து, மேலூர் ரோட்டில் இருக்கும் மாடி வீட்டில் அவன் உட்கார்ந்திருந்தபோது மூன்று பேர் படியேறி வந்தார்கள். மணி மூன்றரை. காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர், கருப்பு புர்க்காவில் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர், பதினேழு பதினெட்டு வயதில் ஒரு பெண்.

"சார், பாலக்கரையில இருந்து வரோம்," என்றார் பெண்மணி. "என் பேரு ஹாஜிரா. இது என் மக அல்ஃபியா. மிஸ்கிட்ட பன்னெண்டாவது கணக்கு படிச்சா. இவரு என் தம்பி தாஜுதீன். துக்கம் கேக்க வந்தோம்."

அரவிந்தன் மூன்று டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். யாரும் குடிக்கவில்லை.

"எப்படி சார் ஆச்சு?" என்றார் தாஜுதீன்.

அறுபது எழுபது முறை சொன்னதில் வாக்கியங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. "சனிக்கெழம தலைவலின்னா. டீ போட்டுக் குடுத்தேன். ராத்திரி வாந்தி எடுத்தா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. செவ்வாக்கெழம காலைல இல்ல."

தாஜுதீன் அழுதார். அவர் மணிமேகலையைப் பார்த்ததே இல்லை. ஹாஜிரா அழவில்லை. அவர் பார்வை சுவரில் இருந்த கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. பெண் தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

உள் அறையில் மணிமேகலையின் போன் சத்தம் போட்டது.

"நல்லவங்களுக்குத்தான் இப்படி ஆவுது," என்றார் ஹாஜிரா.

"ஆமாங்க."

போன் மறுபடியும் சத்தம் போட்டது. சற்றுப் பொறுத்து மூன்றாவது தடவை.

"சார், உங்க போன் கூப்பிடுது," என்றார் தாஜுதீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்னோடது இல்ல. அவளோடது. மூணு நாளா ஓடிபி வருது. எவனோ திருட்டுப் பய."

அல்ஃபியா நிமிர்ந்தாள். "அது நான்தான் சார்."

துப்பட்டாவுக்குள்ளிருந்து தாஜுதீனின் போன் வெளியே வந்தது.

"அடியே," என்றார் ஹாஜிரா. "ஒரு கால் மணி நேரம் பொறுக்கச் சொன்னேன்ல? துக்க வீட்ல உக்காந்துக்கிட்டு..."

"மணி பாரும்மா! அஞ்சு மணிக்கு மூடிருவாங்க!"

பிறகு மூன்று பேரும் சேர்ந்து சொன்னதில் விஷயம் இதுதான். பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு மேல்படிப்பு விண்ணப்பத்தை மணிமேகலைதான் போட்டுக்கொடுப்பாள். அரசுப் பள்ளியில் அதற்கென்று யாரும் கிடையாது. வீட்டிலும் விவரம் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள். அப்பாக்களின் நம்பர் ஆஃபருக்கு ஆஃபர் மாறும். பல அம்மாக்களிடம் போனே இருக்காது. தகவல் போய்ச் சேராமல் வருடத்துக்கு ஒரு பெண்ணாவது கிடைத்த இடத்தை விட்டுவிடுவாள். அதனால் இந்தத் தடவை இரண்டு பெண்களுக்குத் தன் நம்பரையே கொடுத்துவிட்டாள். என் நம்பர் மாறாது என்றாளாம்.

அல்ஃபியாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். இன்று ஐந்து மணிக்குள் அதன் இணையதளத்துக்குள் போய்ச் சம்மதம் என்று பட்டனை அழுத்த வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்கு. உள்ளே போக பாஸ்வேர்டு வேண்டும். அது அவளிடம் இல்லை. புது பாஸ்வேர்டு போட ஓடிபி வேண்டும். அது மணிமேகலையின் நம்பருக்குத்தான் வரும்.

"பாஸ்வேர்ட எழுதி வச்சுக்கலயா?" என்றான் அரவிந்தன்.

"கணக்கு நோட்டுல எழுதியிருந்தேன் சார். அம்மா அத பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டாங்க."

"பரீச்ச முடிஞ்ச நோட்டு எதுக்குன்னு நெனச்சேன்," என்றார் ஹாஜிரா.

"இடம் கெடச்சது எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழமயே. லிஸ்ட்டுல பேரு வந்துச்சு."

"அன்னைக்கே வந்திருக்கலாமே."

ஹாஜிரா முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார். "நாப்பது நாள் ஆகல சார். பொண்டாட்டிய பறிகொடுத்தவரு வீட்டுக்குப் போயி நம்பர் சொல்லுங்கன்னு எப்படிக் கேக்குறது? இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போடுங்கன்னு யுனிவர்சிட்டிக்கு தாஜுதீன விட்டு போன் பண்ணிக் கேட்டுப் பாத்தேன். அந்தப் போன்ல ஒரு பொம்பள சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுது."

"அது ரெக்கார்டு பண்ணின குரல், அக்கா," என்றார் தாஜுதீன்.

அரவிந்தன் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தான். மேலே இருந்த எண்ணைப் படித்தான். அல்ஃபியா அடித்தாள். தவறு என்று வந்தது.

"புதுசா கேளு," என்றான்.

கேட்டாள். வந்தது. படித்தான். அடித்தாள். தவறு. இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ளது, அதுவும் தவறினால் கணக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பூட்டப்படும் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மணி நாலு பத்து.

"சரியாத்தான் படிக்கிறீங்களா சார்?" என்றார் தாஜுதீன்.

கேட்கக்கூடாத கேள்வி. அரவிந்தனுக்கு வேலையே படிப்பதுதான். பாய்லர் குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுப்பார்கள்; அந்த ஃபிலிமை விளக்குக்கு முன் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று அவன் பார்ப்பான். ஒவ்வொரு ஃபிலிமின் ஓரத்திலும் அது எந்த வெல்டிங் என்று எண் இருக்கும். எண் இல்லாத ஃபிலிமை அவன் கையில் வாங்கமாட்டான்.

இந்தச் செய்திகளில் யாருக்கு என்று பெயர் இல்லை.

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ கேட்ட?" என்றான்.

"இங்க வந்துதான் சார் அமுக்குனேன். மொத்தம் நாலு தடவ."

"நேத்து?"

"நேத்து அமுக்கவே இல்லயே."

"இங்க நாப்பதுக்கு மேல வந்திருக்கு."

அதற்குள் கையில் இருந்த போன் மறுபடி சத்தம் போட்டது. அல்ஃபியா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், போலீஸைக் கண்டவள்போல.

"விஜயராணி," என்றாள். "சார், அது விஜயராணி. ஊரு தொட்டியம். மிஸ் அவளுக்கும் இதே நம்பர்தான் போட்டாங்க."

விடுதியில் தங்கிப் படித்த பெண். பரீட்சை முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். அப்பா அம்மா இரண்டு பேரும் வாழைத்தோப்பில் கூலி வேலை. விடுதியில் அவளோடு இருந்த ஒருத்தியிடம் நம்பர் வாங்கி அல்ஃபியா கூப்பிட்டாள். நான்காவது தடவை கிடைத்தது. போனை அரவிந்தனிடம் கொடுத்துவிட்டாள்.

"மணிமேகலை வீட்டுக்காரர் பேசுறேன். நீதான் மூணு நாளா ஓடிபி கேக்குறியா?"

"ஆமா சார். சாரி சார்."

"எதுக்கு? இங்க யாரு எடுத்துச் சொல்வாங்கன்னு?"

"யாராச்சும் பாப்பாங்கன்னு நெனச்சேன் சார். வேற என்ன பண்றதுன்னு தெரியல. மிஸ் நம்பருக்கு போனும் பண்ணேன். நேத்து ஆறு தடவ. நீங்க எடுக்கல."

"எடுக்கல," என்றான் அரவிந்தன்.

"எனக்கு இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது சார்."

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்ற மூவரிடமும் சொன்னான். ரெண்டு பேரும் ஒண்ணாக் கேட்டா எது யாருதுன்னு தெரியாது. ஒருத்தர் உள்ள போயி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் தொடக்கூடாது.

"அப்ப நம்ம புள்ள மொதல்ல," என்றார் தாஜுதீன். "நாங்க நேர்ல வந்திருக்கோம்ல சார்?"

"அவ செவ்வாக்கெழமலேருந்து கேக்குறா."

"அதுக்கு? அஞ்சு மணிக்கு மூடிட்டான்னா?"

தளம் வேறு கடைசி நேரக் கூட்டத்தில் நத்தையாக நகர்ந்தது.

ஹாஜிரா கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "ரேஷன் கடையில பின்னாடி வந்தவ முன்னாடி போனா நான் சும்மா விடுவேனா? அந்தப் புள்ளய மொதல்ல போகச் சொல்லுங்க. சுருக்கா முடிக்கச் சொல்லுங்க."

விஜயராணி சுருக்காகத்தான் முடித்தாள். தளம்தான் முடிக்கவிடவில்லை. ஓடிபி வர ஆறு நிமிடம், பக்கம் திறக்க ஒன்பது நிமிடம். நடுவில் அவள் போனில் சார்ஜ் குறைந்து, பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்; ஓடுகிற மூச்சு இங்கே கேட்டது. நாலு நாற்பத்தொன்றுக்கு, "வந்துருச்சு சார்! திருச்சியே கெடச்சிருக்கு! அமுக்கிட்டேன்!" என்று கத்தினாள்.

"சரி. வச்சுரு. இனிமே எதையும் அமுக்காத."

அல்ஃபியா அழுத்தினாள். இரண்டு போன்களும் மேசைமேல் இருந்தன. தாஜுதீன் கண்ணை மூடி வாய்க்குள் ஓதினார். நாலு ஐம்பதுக்கு எண் வந்தது. அரவிந்தன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். அடித்ததைத் திருப்பிப் படிக்கச் சொன்னான். படித்தாள். அனுப்பு என்றான்.

வட்டம் சுற்றியது. திறந்தது. புது பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனாள். ஐந்தாண்டு கணிதப் படிப்பு என்று இருந்தது. அதற்குக் கீழே, திருநெல்வேலி.

"திருநெல்வேலியா?" என்றார் ஹாஜிரா.

அல்ஃபியா பக்கத்தைக் கீழே தள்ளிச் சம்மதப் பட்டனுக்குப் போனாள்.

"லிஸ்ட்டுல பேரு வந்துச்சுன்னு மட்டும்தானே சொன்ன? திருச்சின்னுதானே நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்?"

"மொதல்ல திருச்சிதாம்மா போட்டோம். ரெண்டாவது மதுர. மூணாவது இது. மூணாவதுதான் கெடச்சிருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே நீ."

"அம்மாகிட்ட நானே வந்து பேசுறேன்னு மிஸ் சொல்லியிருந்தாங்க."

நாலு ஐம்பத்துநாலு. மூன்று பேரும் அரவிந்தனைப் பார்த்தார்கள்.

தாஜுதீன் ஷார்ஜாவில் இருக்கும் மச்சானை, அல்ஃபியாவின் அத்தாவைக் கூப்பிட அக்காவின் பழைய பட்டன் போனை வாங்கினார். அதில் வெளிநாட்டுக்குப் போகாது. அரவிந்தன் தன் போனைக் கொடுத்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை. "ஜெகபர் மச்சான் டூட்டில இருப்பாரு," என்றார்.

"மிஸ் வந்திருந்தா என்ன தம்பி சொல்லியிருப்பாங்க?" என்று அரவிந்தனிடம் கேட்டார் ஹாஜிரா.

அவன் யோசித்தான். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். கேட்கிறவருக்கு அது வேண்டியும் இருந்தது.

"தெரியலங்க," என்றான். "எங்கிட்ட இதப் பத்தி அவ பேசுனதில்ல. நானும் கேட்டதில்ல. ஆனா பால் பாக்கெட்டக்கூட தேதி பாக்காம வாங்கமாட்டா. மூணாவதா எழுதியிருந்தா, கெடச்சா போகட்டும்னு நெனச்சுத்தான் எழுதியிருப்பா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

ஹாஜிரா மகள் பக்கம் திரும்பினார்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு ஹாஸ்டல் இருக்கா?"

"இருக்கும்மா."

"சோறு?"

"அம்மா, அம்பத்தாறு!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"போடுவாங்கம்மா."

"என்னத்தப் போடுவாங்களோ." அவர் புர்க்காவைச் சரிசெய்துகொண்டார். "அத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அமுக்கு."

அமுக்கினாள். வட்டம் சுற்றியது. அது நிற்கிறவரைக்கும் தாஜுதீன் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்குத் திரை பச்சையானது. அரவிந்தனின் கையில் இருந்த போனுக்குச் செய்தி வந்தது. இந்தத் தடவை பெயரோடு வந்தது. அல்ஃபியா, உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது, நான்காம் தேதி காலை பத்து மணிக்கு நேரில் வரவும். அவன் சத்தமாகப் படித்தான். திரையில் தெரிந்தது அவ்வளவுதான்.

ஹாஜிரா டம்ளரை எடுத்துத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அழுதார். மிஸ்ஸுக்காகவா, திருநெல்வேலிக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திருநெல்வேலி பஸ்ஸு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல கெடைக்குமா தம்பி?" என்றார்.

"இல்லங்க. பஞ்சப்பூர் போகணும்."

"அங்க போயும் ஓடிபி கேட்டான்னா?" என்றார் தாஜுதீன்.

எல்லாரும் அதை யோசித்தார்கள். சேர்ந்த பிறகுதான் நம்பரை மாற்ற முடியும் என்றாள் அல்ஃபியா. கேட்டாலும் கேட்பார்கள்.

நான்காம் தேதி அரவிந்தனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். மாற்றிக்கொள்ளலாம். அதைச் சொன்னான்.

"அப்ப விடிகாலை மூணு மணி பஸ்," என்றார் ஹாஜிரா. "உங்களுக்கும் சேத்து இட்லி கட்டிர்றேன்."