முந்நூறு கிலோவும் இருநூற்றைம்பது இடியாப்பமும்

காலை ஐந்தே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தால் யாரென்று பார்க்க வேண்டியதில்லை. மூன்றாம் மாடி குணவதி அக்காதான். எட்டு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் அவர்தான் என்னை எழுப்புகிறார். வணக்கம், காலை வணக்கம் எதுவும் கிடையாது.

"ஜெரமி, ஒன் யானைய நகத்து."

அவ்வளவுதான், வைத்துவிடுவார். யானை என்பது என் மோட்டர்சைக்கிள். ஆயிரத்து இருநூறு சிசி, முந்நூறு கிலோ, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, பின்சீட்டில் சாய்ந்துகொள்ள முதுகுத் திண்டு. தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. ஈப்போவில் ஒரு பல் டாக்டர் வயதாகிவிட்டது என்று விற்றார், நான் வாங்கி வந்தேன். அதில் எல்லை தாண்டி தாய்லாந்தின் ஹட்ஜாய் போயிருக்கிறேன், கேமரன் மலைக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன், ஒரு பொதுவிடுமுறைக்கு யாரிடமும் சொல்லாமல் திரெங்கானு வரை போய் கடலைப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். போகாத நேரத்தில் அது சுங்கை பினாங்கில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே நிற்கும். பிரச்சினை அந்த நிற்கிறதில்தான்.

கீழ்த்தளத்தில் வரிசையாகக் கப்சாய்கள் நிற்கும். சின்ன மோட்டர்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டி, நடுவே ஒரு ஆள் உடம்பைச் சாய்த்துத்தான் போக முடியும். என் வண்டி நிற்க மூன்று கப்சாய் இடம் வேண்டும். நான் மாலை ஷிஃப்ட் முடிந்து வரும்போது எல்லா இடமும் நிறைந்திருக்கும், சாக்கடை ஓரத்து மூலை ஒன்றைத் தவிர. அந்த மூலைக்குள் சுவரோடு ஒட்டி நிற்பது குணவதி அக்காவின் கணவர் சுப்பையா அண்ணனின் கப்சாய். பின்னால் மரப்பெட்டி, பெட்டியில் இடியாப்பம், ஹேண்டிலில் அமுக்கினால் 'போம் போம்' என்கிற ரப்பர் ஹாரன். அக்கா விடிவதற்கு வெகு முன்னாலேயே எழுந்து பிழிய ஆரம்பித்துவிடுவார். அண்ணன் ஆறு மணிக்குக் கிளம்பி கெலுகோர் பக்கம் போய் விற்பார். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் மலாய்க்காரர்களுக்கும் அது புட்டு மாயம், நமக்கு இடியாப்பம். அவர் வண்டியை மறித்து நிற்கும் யானையை நான் நகர்த்தாமல் அவர் கிளம்ப முடியாது. என்னைத் தவிர வேறு யாரும் அதை நகர்த்தவும் முடியாது.

போன மாதம் ஃபிளாட் கமிட்டிக்கு ஒரு கடிதம் போனது. பதினான்கு வீட்டுக்காரர்கள் கையெழுத்து, முதல் கையெழுத்து குணவதி அக்காவுடையது, எழுதியவரும் அவர்தான். இந்த மாதக் கடைசிக்குள் அந்தப் பெரிய மோட்டர் இங்கிருந்து போக வேண்டும் என்று கமிட்டி என்னிடம் சொல்லிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. தெரிந்தவர்கள் நாலு பேர் வீட்டு வாசலில் நிறுத்த இடம் கேட்டேன், கிடைக்கவில்லை. கடைசியில் விற்கிறேன் என்று விளம்பரம் போட்டேன். பட்டர்வொர்த்திலிருந்து சிவநேசன் என்று ஒருவர் பேசினார். சனிக்கிழமை பத்து மணிக்கு ஃபெரியில் வருகிறேன், பிடித்திருந்தால் முடித்துக்கொள்ளலாம் என்றார். வெள்ளிக்கிழமை லீவு போட்டு நான்கு மணி நேரம் வண்டியைக் கழுவி மெழுகு போட்டேன். கொடுத்துவிடப் போகிற பொருளுக்கு இவ்வளவு குளியலா என்று அம்மா கேட்டார். அம்மாவின் பெயர் அமலம்மாள், நல்லபடியாக விலைபோக வேண்டும் என்று அந்தோணியாருக்கு மெழுகுவத்தி வைத்துவிட்டு வந்திருந்தார். எனக்காக இதுவரை அவர் வேண்டியதில் இது ஒன்றுதான் உடனே நடக்கும் போலிருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் நான் சிலிப்பரோடு கீழே போனேன்.

பெரிய மோட்டர் வைத்திருப்பவன் செய்யக்கூடாத காரியம் அது. எனக்குத் தெரியும், எட்டு மாதமாக பூட்ஸ் போட்டுத்தான் இறங்குவேன். கடைசி நாள்தானே என்று ஒரு சோம்பல். ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, காலால் தள்ளிப் பின்னால் நகர்த்தினேன். ரிவர்ஸ் கியர் கிடையாது, கால்தான் கியர். இரண்டாவது தள்ளலில் இடது கால் வழுக்கியது. சிமெண்டுத் தரை கஞ்சியாய் இருந்தது. அக்கா மாவுப் பாத்திரம் கழுவின தண்ணீரைத் தினமும் கீழே கொண்டுவந்து அந்தச் சாக்கடையில்தான் ஊற்றுவார், பாதி தரையில் போகும். முந்நூறு கிலோ ஒரு கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் பிறகு யார் பிடித்தும் பலனில்லை. அவசரமே இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தலையணையில் சாய்வது மாதிரி, அது சுப்பையா அண்ணனின் கப்சாய் மேல் சாய்ந்தது. நான் எப்படியோ குதித்துவிட்டேன். மரப்பெட்டி நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் இடியாப்பக் கூடையோடு படியில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவருக்குப் பின்னால். ஸூராவுக்கு விடியற்காலைத் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்துப் பிளாக் ஷாருல் ஓடி வந்தார். நாலு பேருமாய்ப் பிடித்து, மூன்று எண்ணித் தூக்கினோம். என் வண்டிக்கு இடது பெட்டியில் ஒரு கை நீளத்துக்குக் கீறல், அவ்வளவுதான். கப்சாயின் ஹேண்டில் திரும்பி சுவரைப் பார்த்தது. முன்சக்கர மட்கார்டு இரண்டாக, பிரேக் கம்பி வளைந்து, பெட்டி பலகை பலகையாக. ஷாருல் பலகைகளைப் பொறுக்கி ஓரமாய் அடுக்கிவைத்துவிட்டுப் போனார்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தரையைப் பார்த்தார். வெள்ளைத் தண்ணீரில் என் கால் இழுத்துக்கொண்டு போன கோடு தெரிந்தது. நான் என் சிலிப்பரைப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் யாருடையது என்று அவரும் சொல்லவில்லை, காலில் என்ன போட்டிருந்தேன் என்று நானும் சொல்லவில்லை. அக்கா கூடையைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாத மாதிரி சொன்னார்.

"இருநூத்தம்பது இருக்கு. சூடு ஆறுனா குப்பைதான்."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. என் வண்டியின் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு மூட்டை பிடிக்கும். ஹட்ஜாயிலிருந்து ஒரு பெட்டி நிறைய ரம்புத்தான் பழம் கொண்டுவந்தவன் நான். பெட்டியைத் திறந்து காட்டினேன், நாம இதிலேயே போவோம் அண்ணே என்றேன். அண்ணன் சிரித்தார். என் பூட்ஸ் கிடந்த பெட்டிக்குள் அக்கா தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"சப்பாத்து நாத்தம். இதுல சோத்துப் பொருள வைக்கவா?"

ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே மேலே போய்த் துணியும் வெந்நீரும் வாழையிலையும் கொண்டுவந்தார். பெட்டிகளைத் துடைத்து, இலை பரப்பி, மேலே வெள்ளைத் துணி விரித்து, இடது பெட்டியில் நூறு, வலது பெட்டியில் நூறு, பின்பெட்டியில் மீதியும் தேங்காய்ப்பூவும் சீனிப் பொட்டலங்களும். நான் மேலே ஓடிப்போய் பூட்ஸ் போட்டுவந்தேன். நொறுங்கின கப்சாயிலிருந்து அண்ணன் ஒரே ஒரு பொருளைக் கழற்றிக்கொண்டார். அந்த ரப்பர் ஹாரன். கையில் பிடித்தபடி பின்சீட்டில் ஏறி, முதுகுத் திண்டில் சாய்ந்து, இரண்டு பக்கமும் இருந்த கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். கடலோர ஹைவேயில் கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, இது மோட்டர் இல்ல லா. சோபா."

கெலுகோரில் விற்பனை நன்றாக ஆரம்பிக்கவில்லை. வழக்கமான முனையில் நான் நிறுத்தினேன், ஒருவரும் வெளியே வரவில்லை. எஞ்சின் சத்தம் கேட்டு ஏதோ லாரி என்று நினைத்திருப்பார்கள். அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி ஹாரனை அமுக்கினார். போம் போம். முதல் வீட்டுக் கதவு திறந்தது. டிபன் பாத்திரத்தோடு வந்த மலாய்ப் பெண்மணி பாதி வழியில் நின்று, என் வண்டியைப் பார்த்து, அண்ணனைப் பார்த்து, மறுபடி வண்டியைப் பார்த்தார். லாட்டரி விழுந்ததா என்று கேட்டார். ஆமாம், மச்சானுக்கு விழுந்தது, நான் வேலைக்காரன் என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு அண்ணன் பொட்டலம் கட்டினார். அடுத்த தெருவில் கல்லூரிப் பிள்ளைகள் வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள், எடுத்த பாவத்துக்கு ஆளுக்கு நாலு வாங்கினார்கள்.

சந்துக்குள் திருப்புவதுதான் கொடுமை. கப்சாய் ஒரு வட்டம் அடிக்கிற இடத்தில் நான் ஐந்து தடவை முன்னால் பின்னால் போக வேண்டியிருந்தது. ஒரு சந்தில், பெரிய வண்டிகள் நுழையாமல் நட்டிருந்த தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே பெட்டிகள் மாட்டிக்கொண்டன. அண்ணன் இறங்கி, பொறுமையாக, லாரிக்குச் சொல்கிற மாதிரி இடது, இடது, போதும் என்று சொல்லி என்னை வெளியே எடுத்தார். நின்று நின்று போனதில் எஞ்சின் சூடு என் வலது காலை வேகவைத்தது. ஆனால் அந்தச் சூட்டுக்கு ஒரு லாபம் இருந்தது. எக்ஸாஸ்ட் வலது பக்கம், அதற்கு மேலேதான் வலது பெட்டி. அதிலிருந்து எடுத்த இடியாப்பம் ஏழரை மணிக்கும் ஆவி பறந்தது. இரண்டு வீட்டில், இன்றைக்கு என்ன இப்படிச் சுடச்சுட என்று கேட்டார்கள். அண்ணன் எனக்கு மட்டும் கேட்கும்படி, வெந்த ஒன் காலையும் சேத்து வித்துரலாம் என்றார்.

எட்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது, ஆறு இடியாப்பம் மிச்சம். திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. இடது பக்கம் வீடுகள், வலது பக்கம் தண்ணீர், பின்னால் தூரத்தில் பாலம். பெட்டிகள் காலியாகி வண்டி லேசாக ஓடியது. பத்து மணிக்கு ஆள் வருகிறார் என்பது எனக்கு அப்போதுதான் திரும்ப நினைவு வந்தது. இந்தச் சாலையில் இதோடு இதுதான் கடைசி என்று நினைத்தபோது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். அண்ணன் மறுபடி தோளைத் தட்டினார். கொஞ்சம் விட்டுப் பார் என்றார். விட்டேன். அதிகம் ஒன்றுமில்லை, சாலையில் அனுமதித்த வேகம்தான். அதற்கே காற்று வேறு மாதிரி ஆகிவிட்டது. பின்னாலிருந்து காரணமே இல்லாமல் ஒரு போம் போம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் அண்ணன் கண்ணை மூடியிருந்தார்.

சிவநேசன் சொன்ன நேரத்துக்கு வந்தார். முப்பது வயது இருக்கும், கையில் புது ஹெல்மெட், இதிலேயே ஓட்டிக்கொண்டு போய்விடுகிற ஆசையில் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. வண்டியைச் சுற்றி வந்தார், உட்கார்ந்து பார்த்தார், கால் இரண்டும் தரையில் படுகிறதா என்று பார்த்தார். பெட்டியைத் திறந்தவர் முகம் மாறியது. கீல் இடுக்கில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. கீறலையும் பார்த்தார். மறைக்க எனக்குத் தெரியவில்லை, காலையில் கீழே விழுந்தது என்றேன். நல்லது கெட்டது எல்லாம் நீங்களே சொல்லிடுங்க பிரதர் என்றார்.

கெட்டதை ஆரம்பித்தேன். ஜாமில் கால் வேகும். பின்னால் போகாது. விழுந்தால் ஒற்றை ஆளால் தூக்க முடியாது. சந்துக்குள் நுழையாது. பூட்ஸ் இல்லாமல் தொடக்கூடாது. டயர் மாற்றினால் பர்ஸ் அழும். ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் வாங்கவே கூடாது, அண்டை அயலார் கடிதம் எழுதுவார்கள். சொல்லச் சொல்ல எனக்கே, இதை ஏன்தான் வாங்கினேன் என்று தோன்றியது. அவர் சரி, நல்லது என்ன என்றார். நான் பின்சீட்டைத் துடைத்தேன். குளித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டே வந்த அண்ணன் எனக்குப் பதிலாகச் சொன்னார்.

"பின்னால ஒக்காந்து பாருங்க தம்பி. ஓட்றவனுக்குத் தெரியாது."

அக்கா மிச்சமிருந்த ஆறையும் இரண்டு பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். கப்சாயைப் பட்டறைக்கு அனுப்பியாயிற்று, வெள்ளிக்கிழமைதான் கிடைக்குமாம். அதைச் சிவநேசனிடம் சொன்னார். அவருக்கு அது எதற்கு என்று புரியவில்லை.

"இந்த வாரம் வண்டி வெளிய போகாது தம்பி. எங்களுக்கு வேணும்."

விக்கிறீங்களா இல்லையா என்று அவர் என்னைக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் பொட்டலத்தின் ரப்பரைச் சரி செய்தார்.

"கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன். ஒரு வாரம். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

சிவநேசன் சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை போன் செய்கிறேன், அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஆறு இடியாப்பத்தையும் காசு கொடுத்து வாங்கி, ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஃபெரிக்கே திரும்பினார். மெழுகுவத்தி வீணாகிவிட்டதா என்று அம்மா சாயந்திரம் கேட்டார். வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்றேன்.

திங்கட்கிழமை யாரும் கூப்பிடாமலே ஐந்தரைக்கு இறங்கினேன், பூட்ஸோடு. ஹாரனை அண்ணன் ராஃபியா கயிற்றால் ஹேண்டிலில் கட்டினார். இந்த முறை தடுப்புக் கம்பி உள்ள சந்தைச் சுற்றிக்கொண்டு போனோம், எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து மூலையில் ஏற்றப்போனால் தரை வேறு மாதிரி இருந்தது. யாரோ பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெள்ளைப் படிவு போய், சிமெண்டின் பழைய சாம்பல் நிறம் காய்ந்து கிடந்தது. எட்டு மாதமாக என் ஸ்டாண்ட் அழுத்தி அழுத்தி ஒரு சின்னக் குழி விழுந்திருந்த இடத்தில் ஒரு பலகை. தேங்காய் துருவுகிற பலகை, கத்தியைக் கழற்றின இடத்தில் நாலு ஆணித் துளை மட்டும் இருந்தது.

அண்ணன் இறங்கிக்கொண்டார். நான் வண்டியை மெதுவாக இடது பக்கம் சாய்த்து ஸ்டாண்டை இறக்கினேன். மரத்தில் 'டொக்' என்று உட்கார்ந்தது. அண்ணன் ஹாரனை ஒரு தடவை அமுக்கினார். மூன்றாம் மாடியில், கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே, ஈரக் கை ஒன்று அடுத்த துணியை உதறிக்கொண்டிருந்தது.