அம்மா திட்டாத வாரம்

எங்கள் அம்மா ஞானாம்பாள் அப்பாவைத் திட்டாத நாளே கிடையாது. அவளுக்கு அன்பு அந்த வழியாகத்தான் வரும். நெருப்பெரிச்சலில் எங்கள் வீதிக்கு நல்ல தண்ணீர் வந்தால் வந்ததுதான். விட்டால் அடுத்த வாரம். அன்று காலை குழாயைத் திறக்கிறேன் என்ற அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். குடமெல்லாம் காலி. அம்மா திட்ட ஆரம்பித்தாள். பாதித் திட்டில் அப்பாவின் கையிலிருந்து டீ டம்ளர் விழுந்தது. வாய் கோணியது. வலது கை தொங்கிவிட்டது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். நேரத்தோடு கொண்டுபோனதால் உயிர் தப்பியது. பேச்சு வரவில்லை, வலது கையும் எழவில்லை.

"நாந்தான் கண்ணு காரணம். நான் வஞ்சதுலதான் மண்டைல அடைச்சுப்போச்சு" என்று அம்மா என்னிடம் அழுதாள். இனிமேல் திட்டுவதில்லை என்று சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்.

அப்புறம் அவளைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. "கஞ்சி குடிக்கறீங்களா சாமி?" என்பாள். அவர் சட்டையில் சிந்திக்கொண்டால், "பரவால்லீங்க சாமி" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து திட்டு வாங்கியே பழகிய மனுஷர், மிரண்டுபோய் என்னைப் பார்ப்பார். கண்ணில் நீர் கட்டும். தான் பிழைக்கப்போவதில்லை என்பதை நாங்கள் மறைக்கிறோம் என்று நினைத்துவிட்டார், பாவம். நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

டாக்டர் சுபஸ்ரீக்கும் காரணம் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்தால்தான் மறுபடி வராமல் தடுக்க முடியுமாம். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கழுத்து ரத்தக்குழாயிலும் கோளாறில்லை. இன்னொரு தரம் ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒரு மெஷினை ஒட்டிவிட்டார்கள். பிறகு டாக்டர் கட்டிலருகே வந்தார்.

"இதயம் சிரமப்பட்டா ரத்தத்துல ஒரு பொருள் கூடும். இவருக்கு அது நிறைய இருந்துச்சு. அதனாலதான் மெஷின் வச்சுப் பார்த்தோம். நடுநடுவுல துடிப்பு தாளம் தப்புது. ரத்தம் இதயத்துலயே தேங்கி, கட்டியாகி, மூளைக்குப் போயிருக்கு. இனி கட்டி சேராம இருக்க மாத்திரை தர்றேன்."

அம்மா முந்தானையை முறுக்கினாள். "ஏனுங்க டாக்டர், வஞ்சா அந்தப் பொருள் கூடுமுங்களா?"

டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "இல்லம்மா. இது அவருக்கே தெரியாம ரொம்ப நாளா இருந்திருக்கும். நீங்க திட்டினதால வரலை."

டாக்டர் போனதும் அம்மா வெகுநேரம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா பனியன் கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர்.

"ஏனுங்க, அத்தன மெஷின் ஓடறதுல ஒரு ஊசி தட்டுனாக்கூட உங்க காதுல உழுகும். சொந்த நெஞ்சு தட்டுனது கேக்கலீங்களா? ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

சட்டென்று வேண்டுதல் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவின் முகத்தில் இருந்த பயம் போயிருந்தது. கோணல் வாயால் சிரித்தார். இடது கையை நீட்டி, அவள் வாயிலிருந்து கையை மெல்ல விலக்கினார். நாக்கைப் புரட்டிப் புரட்டி, ஒரு வாரத்தில் முதல் முறையாகப் பேசினார்.

"இன்...னும்."