ஆட்டு டார்ப்பி வீட்டுக் கல்லறை

கொனாக்ட் அரசர்கள் போருக்குப் புறப்பட்டபோதெல்லாம் படைக்கு முன்னால் கொடி பிடித்து நடந்தவர்கள் டார்ப்பி குலத்தார். அவர்கள் கையிலிருந்த கொடி ஒருநாளும் மண்ணில் சாய்ந்ததில்லை. அயர்லாந்துக் கிராமமான கில்லாவராவின் வரலாற்றுக் கழகம் வெளியிட்ட சிறுபிரசுரம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எழுதியவர் கழகத்தின் தலைவர் மலக்கி டார்ப்பி. ஆதாரம், அவர் டப்ளின் விமான நிலையத்துக் கடையில் வாங்கிய பாத்திரம் துடைக்கிற துண்டு. சிங்கமும் கொடியும் அச்சிட்ட அந்தத் துண்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். வேறு துணி கிடைக்காத நாளில் சிங்கத்தை இறக்கித் தட்டு துடைக்கப் போவதாக அவர் மனைவி நோரீன் மிரட்டுவதுண்டு.

கில்லாவராவில் கல்லெறிந்தால் ஒரு டார்ப்பி தலையில்தான் விழும். பட்டப்பெயர் இல்லாமல் அங்கே யாரையும் யாரென்று சொல்ல முடியாது. தையல் டார்ப்பி, பாலத்தடி டார்ப்பி என்பதெல்லாம் முகத்துக்கு நேரே கூப்பிடக்கூடிய பெயர்கள். மலக்கி வீட்டாரின் பெயர் அந்த ரகமில்லை. அவர்கள் ஆட்டு டார்ப்பி. அதை முதுகுக்குப் பின்னால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த வீட்டார் காதில் விழும்படி ஒரு தடவைகூடச் சொல்லக்கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்த காலம் முழுக்க அந்தச் சொல் தன் காதில் விழாததால், ஊர் ஆட்டை மறந்துவிட்டது என்று மலக்கி நம்பினார். அவருடைய கார் முனை திரும்பும்போதெல்லாம் ‘ஆடு வருது’ என்று சொல்லிவிட்டுத்தான் ஊர் முகத்தைச் சரிசெய்துகொண்டது.

அரசர்கள் துணைக்கு இருந்தும் மலக்கிக்கு ஒரு குறை உண்டு. ஆகஸ்ட் மாதக் கல்லறை ஞாயிறன்று ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைச் சுற்றி நிற்கும். பங்குச் சாமியார் வரிசையாக வந்து தீர்த்தம் தெளிப்பார். தையல் டார்ப்பிகளின் கல்லறையில் பேரன் பேத்தி கைக்குழந்தை என்று கால் வைக்க இடமிருக்காது. மலக்கியின் கல்லறையில் அவர், நோரீன், நோரீனின் மடக்கு நாற்காலி. பிள்ளைகள் இல்லை. ஒரே தங்கை கன்னியாஸ்திரியாகிப் பெரு நாட்டில் இருந்தாள். சாமியார் அவர்களிடம் வரும்போது, ஆளில்லாத இடத்தில் வீணாகிறதே என்பதுபோல் இரண்டு சொட்டோடு நகர்ந்துவிடுவார்.

ஆகவே பென்சில்வேனியாவிலிருந்து டார்லீன் டார்ப்பி என்பவள் மின்னஞ்சல் அனுப்பியதும் மலக்கி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். தன் கொள்ளுத்தாத்தா ஓவன் டார்ப்பி கில்லாவராவிலிருந்து கப்பலேறியவர், ஒரு பஸ் நிறையச் சொந்தங்களோடு வருகிறேன், கல்லறை ஞாயிறன்று எங்கள் குடும்பக் கல்லறையில் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். குலத்தலைவன் என்ற முறையில் வரவேற்கிறேன் என்று மலக்கி பதில் போட்டார். அந்தப் பதவிக்கு அவரைத் தவிர வேறு யாரும் நிற்கவில்லை.

டார்லீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். உரக்கச் சிரிப்பாள், பார்த்தவரையெல்லாம் கட்டிக்கொள்வாள். எந்த ஓவன் டார்ப்பி அவளுடைய ஓவன் என்பதுதான் சிக்கல். ஞானஸ்நானப் பதிவில் ஓவன்கள் மலிந்து கிடந்தார்கள். எச்சிலை அனுப்பிச் செய்த மரபணுச் சோதனையில் பாதி ஊர் தூரத்துச் சொந்தம் என்று வந்தது. அது ஊருக்கே தெரிந்த சங்கதி. மலக்கி அவளை இடிந்த கோட்டைக்கு அழைத்துப் போய் அரசர்களைப் பற்றி மழையில் நின்று பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். சாயங்காலம் அட்ராக்டாவின் மதுக்கடையில், மலக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துக் கேட்டாள்.

“எங்கப்பா சாகறப்போ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. நாம ஆட்டு டார்ப்பிங்க, அதை மறந்துடாதேன்னு. இங்க ஆட்டு டார்ப்பி வீடு எதுங்க?”

கடையில் ஆளாளுக்குத் தன் பீர் நுரையில் எதையோ தேடினார்கள். தையல் டார்ப்பி வீட்டுப் பெண்ணான அட்ராக்டா, துடைத்த கண்ணாடிக் கோப்பையை மறுபடி துடைத்தாள்.

“ஆடா கண்ணு? இந்தப் பக்கம் வெள்ளாடு ஏது, எல்லாம் செம்மறிதானே.”

மலக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, தம் ஆராய்ச்சியில் அப்படி ஒரு பெயர் தட்டுப்படவே இல்லை என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருக்கிற மனிதரை ஆடு என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. அவரோ டார்லீனைவிட்டு ஓரடி நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோரீன் பிடித்துக்கொண்டாள். “ஏன் மனுஷா, வாசல் வரைக்கும் வந்த சொந்தத்தைத் திருப்பி அனுப்பிட்டு அந்தச் சிங்கத்தைக் கட்டிக்கிட்டு அழப்போறியா?”

தன் வாயாலேயே அதைச் சொன்னால் பிரசுரத்தின் கௌரவம் என்னாவது என்று மலக்கி கேட்டார்.

“அதை யாரு படிச்சா?” என்று சொல்லிவிட்டு நோரீன் கெண்டியை அடுப்பில் வைத்தாள்.

ஞாயிறன்று தூறல். டார்லீனின் கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே மழைக்கோட்டோடு தயங்கியது. சொந்தக் கல்லறை கிடைக்கவில்லையென்றால் வேலிக்கு வெளியே நிற்கிறோம் என்று டார்லீன் சொன்னாளாம். முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பில்லை. அட்ராக்டாவுக்குப் பொறுக்கவில்லை. எங்களோடு நில்லுங்கள், கொஞ்சம் நெருக்கிக்கொள்கிறோம் என்று மொத்தப் பேரையும் கூட்டிப்போனாள்.

வரவேற்புரை மலக்கியுடையது. ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று பிரசுரத்தைப் பிரித்தார். கொனாக்ட் அரசர்கள் என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்து பார்த்தார். தையல் டார்ப்பிகளின் கல்லறையைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்; ஓரத்தில் டார்லீன், அடுத்தவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவள்போல் கூசி நின்றாள். இந்தக் கோடியில் தம் கல்லறை; அதற்குப் பக்கத்தில் நோரீன், மடக்கு நாற்காலி. அரசர்களில் ஒருவர்கூட வரவில்லை.

மலக்கி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“டார்லீன்,” என்றார். ஒலிபெருக்கி அதை மலைவரைக்கும் கொண்டுபோனது. “அந்த ஆட்டு டார்ப்பிங்க நாங்கதான்.”

ஊர் முழுக்கக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தது. அவரே சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று கட்டுப்பாட்டில் இல்லை. பிறகு தையல் டார்ப்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. டார்லீன் ஓடிவந்தாள், பின்னால் பஸ் மொத்தமும், செத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடி கல்லறைகளைச் சுற்றிச் சுற்றி ஓடிவந்தது. வந்தவர்கள் மழைக்கோட்டைத் திறந்தார்கள். உள்ளே எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சைச் சட்டை, நெஞ்சில் பெரிய வெள்ளாடு. வீடு கிடைத்தால்தான் காட்டுவது என்று மறைத்து வைத்திருந்தார்களாம். மலக்கிக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். கோட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள். ஆடு இரண்டு சுற்றுப் பெருத்தது. நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நாற்காலியை வந்தவர்களில் யாரோ ஒரு கிழவருக்குக் கொடுத்தாள். அந்த வருஷம் சாமியார் தீர்த்தத்தைச் செம்பு காலியாகிறவரை அங்கேயே தெளித்தார், ஆடுகள் நனைந்தன.

சாயங்காலம் அட்ராக்டாவின் கடையில் பாட்டும் ஆட்டமும் அடங்கிய ஒரு இடைவெளியில், டார்லீன் எழுந்து நின்று, பெயர் வந்த கதையைச் சொன்னாள். பஞ்ச வருஷத்தில் ஓவன் வீட்டு ஆடு அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பால் கொடுத்துக் காப்பாற்றியதாம். அந்த நன்றியில் ஊரே சூட்டிய பெயராம். சொல்லி முடித்து மலக்கியின் பக்கம் திரும்பினாள்.

“அதானே மலக்கி?”

மலக்கி புதுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அதேதான்,” என்றார். “பிரசுரத்துல சேர்த்துடறேன்.”

கடை மறுபடி பீர் நுரையைப் பார்த்தது.

ஆடு அந்தக் காலத்துப் பங்குச் சாமியாருடையது. ஓவன் அதை அடித்துத் தின்றுவிட்டு, அந்த வாரமே கப்பலேறினான். அது கிடா.