வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கடிக்கும் மீன்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு மீன். என் எதிர்வீட்டு ஐடெல்லா டேக்கெட்டின் தூண்டிலை அது மணிக்கணக்காக ஏறெடுத்தும் பார்க்காது. அவர் சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பும்போது கடிக்கும். ஒருநாள் இப்படி நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். அந்த வாரம் அவர் ஏரிக்குப் போன எல்லா நாளும் இதுவே நடந்தது. கிளம்பும்போது ஒன்று, அதற்கு முன்னால் பூஜ்யம்.

ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரியாமலே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "விடியலில் ஏரி ஒரு கண்ணாடியைப் போல" (நிறுத்தினேன். வடக்கு மிசிசிப்பியில் மே மாதத்து ஏரி அப்படி இருக்காது. காற்று இருக்கும். இந்தக் காற்றை நினைவில் வையுங்கள், நான் வைக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "ஐடெல்லா தோற்கப் பிறந்தவர் அல்ல" (அவர் படித்தால் சிரிப்பார். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது கீழே. இதில் அலங்காரம் எதுவும் இல்லை.

2

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தேவாலயத்துக் கல்லறைகளுக்குப் பூ வைப்போம். பிறகு மரத்தடியில் நீள மேசை போட்டுச் சாப்பாடு. எந்த வீட்டிலிருந்து எது வரும் என்பதை யாரும் சொல்வதில்லை, ஆனால் அது மாறியதும் இல்லை. டேக்கெட் வீட்டிலிருந்து சோளமாவில் புரட்டிப் பொரித்த கிராப்பி வரும். கிராப்பி கடையில் கிடைக்காத மீன். யாராவது பிடித்தால்தான் உண்டு.

இந்த வருடம் பிடிக்கவேண்டியவர் படுக்கையில் இருக்கிறார். ஐடெல்லாவின் கணவர் ஹார்லனுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. மீன்கள் முட்டையிடக் கரையோரப் புதர்களுக்கு வந்து, கிட்டத்தட்ட கையாலேயே அள்ளலாம் என்றிருந்த வாரங்களில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீடு திரும்பியபோது மீன்கள் முட்டையிட்டு முடித்து, கரையை விட்டுப் போயிருந்தன.

மோட்டார் படகு ஹார்லனின் தம்பி ராய்ஸிடம். தண்ணீருக்கடியில் மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் திரையும் அந்தப் படகில்தான். ஐடெல்லாவிடம் இருப்பது மகள் விட்டுப்போன பச்சை கயாக், ஒருவர் மட்டும் உட்காரும் சின்னத் துடுப்புப் படகு.

"அண்ணி, அந்தப் பிளாஸ்டிக் தொட்டில்ல உக்காந்து கிராப்பி புடிக்கறதுக்கு, குளிக்கிற தொட்டியில தூண்டில் போடலாம். கேளுங்க, படகோட வரேன். இல்லன்னா கடையில கெளுத்தி வாங்கிட்டு வரேன், யாருக்குத் தெரியப் போவுது" என்றான் ராய்ஸ்.

"மேசையில உக்கார்ற எல்லாருக்கும் தெரியும்டா" என்றார் ஐடெல்லா.

3

(ராய்ஸைப் பற்றி. முதல் வரைவில் அவனை வில்லனாக்கியிருந்தேன். பல்லிடுக்கில் குச்சிகூட வைத்தேன். பிறகு ஜன்னல் வழியே பார்த்தால், அவன் அண்ணன் வீட்டுப் புல்லை வெட்டிக்கொண்டிருக்கிறான், யாரும் கேட்காமலே. குச்சியை எடுத்துவிட்டேன். அவன் உதவத்தான் வருகிறான். ஆனால் அவன் உதவினால் அது அவன் மீன். ஐடெல்லாவுக்கு வேண்டியது தன் வீட்டு மீன்.)

4

அவர் செய்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. முட்டையிட்ட பிறகு கிராப்பி ஆழமான இடத்துக்குப் போகும், மரம் மட்டை இருக்கும் பக்கம் ஒதுங்கும். எங்கள் ஏரி அணைகட்டித் தேக்கியது. வெட்டாமல் விட்ட ஓக் மரங்கள் தண்ணீருக்குள் அப்படியே நிற்கின்றன, உச்சிக் கட்டைகள் மட்டும் வெளியே தெரியும். ஐடெல்லா அப்படி ஒரு கட்டையில் கயாக்கின் மூக்கைக் கிடுக்கியால் கவ்வவைப்பார். கட்டைவிரல் நகமளவு ஈயத்தலையும் இறகு வாலும் கொண்ட ஜிக் என்ற தூண்டில்முள்ளை நேராக அடிவரை இறக்குவார். அடிமரத்துப் பக்கம் ஆட்டிக்கொண்டே இருப்பார்.

ஒன்றும் இல்லை.

ஹார்லனிடம் கேட்டோம். அவர் விட்டத்தைப் பார்த்தபடி யோசித்தார். "கரைக்கு வந்தா எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும். போனப்புறம் ராய்ஸ் படகுல இருக்கிற திரை சொல்லும், நான் போடுவேன். எனக்கு எங்க தெரியும், திரைக்குத்தான் தெரியும்."

5

எனக்கு முடிவு வேண்டியிருந்தது. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: ஐடெல்லா மனம் மாறி ராய்ஸைக் கூப்பிடுகிறார். குடும்பம் ஒன்றுசேர்கிறது. (ஐடெல்லாவைத் தெரிந்த எவரும் நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: திடீரென்று மீன்கள் கடிக்கத் தொடங்குகின்றன. பேனாவால் எந்த மீனையும் கடிக்கவைக்கலாம். ஆனால் ஒருமுறையாவது தூண்டில் போட்ட வாசகர் "எப்படி?" என்று கேட்பாரே. அந்த 'எப்படி' என்னிடம் இல்லை.

சரி, தோற்றுப்போவதையாவது ஒழுங்காக எழுதுவோம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் கிளம்பும் காட்சிக்கு விவரம் தேவைப்பட்டது. எதை முதலில் எடுப்பீர்கள், எதைப் பிறகு?

அவர் மாவு சலித்துக்கொண்டிருந்தார். மீன் இல்லாமலே மாவு.

"மொதல்ல கிடுக்கியக் கழட்டுவேன். காத்துல கயாக் நகர ஆரம்பிக்கும். கிடுக்கியக் காலடியில வச்சிட்டு, அப்புறமா கம்ப எடுத்து…"

சல்லடை நின்றது.

"கயாக் நகரும்போது ஜிக் எங்க இருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

தண்ணீரில்தான் என்றேன்.

"தண்ணிலதான். தண்ணில எங்க?"

6

ஒரு ஷூ கயிற்றின் நுனியில் கரண்டியைக் கட்டினோம். குளிக்கும் தொட்டி நிறையத் தண்ணீர். (ராய்ஸுக்குச் சொல்லவேண்டாம்.) கயிற்றை நேராகப் பிடித்தால் கரண்டி அடியில் இருக்கிறது. கையை வேகமாகப் பக்கவாட்டில் இழுத்தால் கயிறு சாய்கிறது, கரண்டி மேலே எழும்புகிறது. கயிற்றின் நீளம் மாறவில்லை; ஆழம் மாறிவிட்டது! நான் மூன்றுமுறை இழுத்துப் பார்த்தேன். தரையெல்லாம் ஈரம்.

அப்படியானால் காற்று கயாக்கை இழுத்தபோதெல்லாம் ஜிக் அடியைவிட்டு எழும்பி, நடுத்தண்ணீருக்கு வந்திருக்கிறது. மீன் நிற்பது அங்கேதான், கிளைகள் பிரிகிற உயரத்தில். கிராப்பியின் கண்கள் மேலே பார்ப்பவை. தலைக்கு மேலே வருவதைத் தின்னும். கீழே கிடப்பதற்காகக் குனிவது அபூர்வம். ஐடெல்லா ஒரு வாரமாக அவற்றின் காலடியில், அவற்றுக்குக் கால் இருந்தால், விருந்து வைத்துக்கொண்டிருந்தார்.

ராய்ஸுக்கு இது ஒருநாளும் நடந்திருக்காது. அவன் படகை மோட்டார் ஒரே இடத்தில் பிடித்துவைக்கும். அவன் தூண்டில் நரம்பு சாய்வதே இல்லை.

உள்ளறையிலிருந்து ஹார்லன் குரல் கொடுத்தார். "என்னம்மா, தொட்டியில ஏதாச்சும் கடிச்சுதா?"

"நாளைக்குக் கடிக்கும், நீ தூங்கு" என்றார் ஐடெல்லா.

7

சனிக்கிழமை காலை, விருந்துக்கு முந்தின நாள். நான் கரையில் நிற்கிறேன். பச்சை கயாக் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கிறது. அவர் ஜிக்கை அடிவரை இறக்கி, ரீலை ஒரு சுற்று சுற்றிக் காத்திருக்கிறார். இன்னொரு சுற்று. காத்திருக்கிறார். ஏழாவது சுற்றில் கம்பின் நுனி வளைகிறது. வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் தூக்குகிறார். கிராப்பியின் வாய் காகிதம், இழுத்தால் கிழியும். அகலமான வெள்ளி உடம்பு, கறுப்புப் புள்ளிகள். மறுபடி ஏழு சுற்று. மறுபடி வளைகிறது. அவர் என் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல் கம்பை மட்டும் உயர்த்திக் காட்டுகிறார்.

மேசை நிறைய மீன் வந்ததா, ராய்ஸ் கெளுத்தி கொண்டுவந்தானா, யார் எதைத் தின்றார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே பரிமாறிக்கொள்ளுங்கள். என்னிடம் இல்லாமலிருந்த 'எப்படி' மட்டும் இதோ:

கயாக்கின் மூக்கை ஒரு கட்டையிலும் வாலை இன்னொன்றிலும் கட்டவேண்டும், காற்றில் நகரக்கூடாது. ஜிக்கை அடிவரை இறக்கவேண்டும். ஏழு சுற்று ஏற்றவேண்டும். பிறகு அசைக்காமல் பிடித்திருக்கவேண்டும்.