படிப்பகத்து மீன்களின் பசி

"தண்ணிய ஊத்தி விளக்கைப் போடறது ஒரு நாள் கூத்து, கிரசிமிர். அதுக்கப்புறம் யாரு பாத்துக்குறது?"

"அட, நாம பதினோரு பேர் இருக்கோம்ல? ஆளுக்கு ஒரு வாரம்னு வச்சாலும், உன் முறை திரும்பி வர்றதுக்குள்ள உனக்கு மீன் பேரே மறந்து போயிரும், பாரேன்!"

இப்படிச் சொல்லிவிட்டுக் கிரசிமிர் தொப்பை குலுங்கச் சிரித்தான். அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட ஸோர்னிட்சாவும் கூடவே சிரித்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும், முழங்கைவரை உப்புத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு கண்ணாடியைச் சுரண்டும்போதெல்லாம், அந்தச் சிரிப்புதான் அவள் காதில் விழுகிறது.

டான்யூப் நதிக்கரையில் இருந்த அந்த ஊருக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனாலும் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்க்கும் பைத்தியம் அங்கே பதினோரு பேரைப் பிடித்திருந்தது. மருந்துக் கடை வைத்திருந்த ஸோர்னிட்சா அவர்களில் ஒருத்தி. பாட்டு, நடன வகுப்புகளும் நடக்கும் ஊர்ப் படிப்பகத்தின் முன்கூடத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பெரிய தொட்டி வைக்கலாம் என்று முடிவானபோது, ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பவளத்திலிருந்து ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குள் அது ஒரு வழக்கம். தன்னிடம் செழித்ததில் ஒரு துண்டை இன்னோர் இடத்தில் நட்டுவைப்பார்கள். இங்கே செத்தாலும் அங்கே உயிரோடு இருக்குமே! ஸோர்னிட்சா தன்னிடமிருந்த ஊதாக் கிளையில் நல்ல பகுதியாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள்.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் நெரிந்தது. பதினோரு பேரும் தொட்டியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒருவர் வேலைக்காக ஜெர்மனி போனார். ஒருவருக்கு முதுகுவலி. கிரசிமிருக்கு எப்போதும் ஏதாவது ஒரு கல்யாணம் இருந்தது. யாரும் சண்டை போட்டுக்கொண்டு விலகவில்லை. யாரும் விலகுகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. மூன்றாவது வருஷம் திரும்பிப் பார்த்தால் ஸோர்னிட்சா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

வாரநாட்களில் கடை. அதனால் படிப்பகம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு போவாள். வீட்டிலேயே உப்பைக் கலக்கித் தயார் செய்த தண்ணீர்க் கேன்களைக் கணவன் ப்ளாமென் காரிலிருந்து இறக்கிக் கொடுப்பான்.

"ஒண்ணு செய்யறேன் ஸோரி. நானும் அந்தத் தொட்டிக்குள்ள போய் உக்காந்துக்கறேன். அப்பவாவது ஞாயித்துக்கிழமை என் மூஞ்சியப் பாப்பே."

"உனக்கு அதுல இடம் பத்தாது."

"பத்தாதுதான். அந்த மஞ்சள் மீனு என்னைவிட குண்டாயிருச்சே! போன மாசம் பாத்ததுக்கு இப்ப ரெண்டு சுத்துப் பெருத்திருக்கு. அதுக்கு மட்டும் என்னடி விருந்து வைக்கிறே?"

அவன் கேலி செய்கிறான் என்று அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவலைப்பட அவளுக்கு வேறு விஷயம் இருந்தது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து தொட்டி கெட்டுக்கொண்டே வந்தது. பாறையெல்லாம் தலைமுடிபோலப் பச்சைப் பாசி. சோதனைக் குழாயில் சொட்டு மருந்தை விட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்க வேண்டும். இது பீட்ரூட் சாறுபோலச் சிவந்தது. தண்ணீரில் கழிவு அவ்வளவு ஏறியிருந்தது. அவளுடைய ஊதாக் கிளை பழுப்பாகி, நுனி வெளுத்து நின்றது. விளக்கை மாற்றினாள். உப்பை மாற்றினாள். தண்ணீரை இரண்டு மடங்கு மாற்றினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் மறுபடி அதே பீட்ரூட் சாறு.

"கிரசிமிரைக் கூப்பிடேன். பத்துப் பேர் இருக்காங்களே, ரெண்டு பேராச்சும் வரட்டும்" என்றான் ப்ளாமென்.

"கேட்டாத்தான் வருவாங்களா? தானாத் தோண வேணாமா?"

பலமுறை போனைக் கையில் எடுத்ததும் வைத்ததும் அவளுக்குத்தான் தெரியும். உதவி என்று கேட்பது அவள் பிறந்த வீட்டில் பழக்கமில்லை. கேட்காமலே செய்பவர்கள்தான் மனிதர்கள் என்று நினைத்து வளர்ந்தவள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் படிப்பகத்தின் புதிய செயலாளர் வெனெட்டா போன் செய்தாள். அவர்கள் நேரில் சந்தித்ததில்லை. "இந்த மாசக் கடைசியில நம்ம எழுத்தைக் கொண்டாடற எழுத்துத் திருநாள் வருது. கூடமெல்லாம் பூ வச்சு அலங்காரம் பண்ணுவோம். இந்தத் தொட்டி இருக்கிற இருப்புல வைக்க முடியாது. எடுத்துடலாம்னு இருக்கோம். செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வாங்க, பேசி முடிச்சுடலாம்."

அன்று கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு ஸோர்னிட்சா சீக்கிரமே கிளம்பிவிட்டாள். எடுப்பதற்கு முன் தன் பவளத்தை ஒருமுறை அமைதியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வாரநாளில் அந்தக் கூடத்தை அவள் பார்த்ததே இல்லை. மாடியில் யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள். பத்திரிகை மேசையைச் சுற்றி நாலைந்து பெரியவர்கள். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி நிமிர்ந்து, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"செயலாளரை."

"வந்துருவாங்க. அப்படி உக்காருங்க."

அவள் தூண் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் காவலாளி எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஈஸ்டர் ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் பொடித்தார். தொட்டியின் பின்பக்கம் குழாய் நுழைய விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே தூவினார். "சாப்பிடுடா கண்ணா" என்று வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீனிடம் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நாற்காலிக்குத் திரும்பினார்.

ஸோர்னிட்சா எழுவதற்குள் பாட்டுக் குழுவுக்கு வந்த ஓர் அம்மாள் தொட்டியருகே நின்று, கைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். அவித்த முட்டையின் மஞ்சள் கரு. அவர் உள்ளே போனதும் நடனம் கற்க வந்த இரண்டு பெண்கள் ஆளுக்குப் பாதி பிஸ்கட். கடைசியாக, உயரமான ஒரு பெண் படியேறி வந்தாள். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நேராகத் தொட்டியிடம் போய், ஒரு பையிலிருந்து கை நிறைய இறாலை எடுத்தாள்.

"நிறுத்துங்க!"

பத்திரிகைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. பாட்டுக்கார அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"விஷம் வச்சிருந்தாக்கூட இவ்வளவு கஷ்டப்பட்டுச் சாகாது!" ஸோர்னிட்சா தொட்டியருகே ஓடி வந்தாள். "நீங்க போடறதெல்லாம் அடியில கிடந்து அழுகுது. அதான் இவ்வளவு பாசி. என் பவளம் சாகுது!"

"நீங்க யாரு?" என்றாள் இறால் வைத்திருந்தவள்.

"நான் ஸோர்னிட்சா. இந்தத் தொட்டியைப் பாத்துக்குறவ."

"நான்தான் வெனெட்டா" என்றாள் அவள், இறாலை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

காவலாளி மெல்ல எழுந்து வந்தார். "பாத்துக்குறவளா? ரெண்டு வருஷமா இந்த வாசல்ல உக்காந்திருக்கேன். என் பேரு ஸ்டாமென். ஒரு நாள்கூட உன்னை நான் பாத்ததில்லையேம்மா!"

"நான் ஞாயித்துக்கிழமை வருவேன்."

"ஞாயித்துக்கிழமை இங்க ஈ காக்கா இருக்காதே!"

"நான் கிரசிமிருக்குப் போன் பண்ணிக் கேட்டேன்" என்றாள் வெனெட்டா. "'யாராச்சும் பாத்துக்கிட்டிருப்பாங்க, ஸோர்னிட்சாவைக் கேளுங்க'ன்னார். அதான் உங்களைக் கூப்பிட்டேன். ஆனா யாரும் வர்றதில்லன்னுதான் இங்க எல்லாரும் சொன்னாங்க. மீனுங்க கண்ணாடியில முட்டிக்கிட்டு வாயை வாயைத் தொறக்குதுங்க. பாக்க முடியல. பட்டினி கிடந்து சாகறதுக்கு எடுத்துடறதே மேல்னு நெனச்சேன்."

ஸோர்னிட்சா தொட்டியின் மூடியைத் தூக்கினாள். உட்பக்கம் விளக்குக்கு அருகே சின்னதாக ஒரு பெட்டி இருந்தது. "காலையில ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, இதுவே போட்டுடும். வாராவாரம் நான் நிரப்பி வைக்கிறேன்."

"அப்ப இந்தப் பய எதுக்கு என்னைக் கண்டா இப்படி அழறான்?" ஸ்டாமென் கோமாளி மீனை விரலால் காட்டினார்.

"அவன் யாரைக் கண்டாலும் அழுவான் அண்ணே. சரியான நடிகன்."

பத்திரிகை மேசையில் ஒருவர் குபீரென்று சிரித்தார். "நான் தினம் சூரியகாந்தி விதை போட்டேன்" என்று இன்னொருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பொடிச்சுத்தான்."

சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. ஸோர்னிட்சாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. ஊரில் ஒருவருக்கும் அக்கறையில்லை என்றல்லவா இத்தனை நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்? இங்கே இத்தனை கைகள். அவள் ஆளில்லாத நாளாகப் பார்த்து வந்தாள். இவர்கள் ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போட்டார்கள்.

பாட்டுக்கார அம்மாள் அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற பாவ்லினா டீச்சர். வெறும் பொட்டலக் காகிதம் இன்னும் அவர் கையில் இருந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கோம் போ. அத்தனை பேரும் மீனுக்குப் பசிக்குதேன்னு பாத்தோம். 'இதை யாரு பாத்துக்குறாங்க'ன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் கேக்கத் தோணல. நீயும்தான் பொண்ணே, 'யாராச்சும் வாங்க'ன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஊருக்குப் பொதுவான பொருள் வீணாப் போறது இப்படித்தான். அன்பு வச்சா மட்டும் போதாது. அதைக் காப்பாத்தணும்னா நாம முதல்ல ஒருத்தரோட ஒருத்தர் வாயைத் தொறந்து பேசணும்."

வெனெட்டா இறால் பையைக் கட்டி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எழுத்துத் திருநாளுக்குள்ள இது தேறுமா?"

ஸோர்னிட்சா குனிந்து தன் ஊதாக் கிளையைப் பார்த்தாள். நுனிகள் வெளுத்திருந்தன. அடித்தண்டில் மட்டும் இன்னும் நிறம் இருந்தது. அங்கே பவளத்தின் மெல்லிய வாய்கள் விரிந்து தண்ணீரில் அசைந்தன. உயிர் இருக்கிறது.

"இன்னையிலேர்ந்து யாரும் எதுவும் போடக் கூடாது. பாசியைக் கையால பிடுங்கணும். நிறையத் தண்ணி மாத்தணும். கேன் தூக்க ஆள் வேணும்." அவள் நிறுத்தினாள். மீதி வார்த்தைகள் மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தவை. ஸ்டாமென் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும்தான்.

"என்னால தனியா முடியல" என்றாள் ஸோர்னிட்சா. "இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஒத்தாசைக்கு வர்றீங்களா?"