அட்டையில் வந்த சம்மதம்

ஊமைப் படத்துல நடிக்கிறவங்க வாயில என்ன வந்தாலும் கேள்வியே இல்ல. மூஞ்சி காதலிச்சா போதும், வசனத்தை அப்புறமா அட்டையில எழுதி நடுவுல ஒட்டிடுவாங்க. எனக்கு ஜோடியா நடிச்சவன் நெட்டையா, ஒல்லியா இருப்பான். ஒட்டடைக்குச்சின்னுதான் கூப்பிடுவோம். கேமரா முன்னாடி மண்டிபோட்டு, கண்ணுல தண்ணி தளும்ப, "உருளைக்கிழங்கு எல்லாம் அழுகிடுச்சே, இனி நான் என்ன பண்ணுவேன்?"னு உருகுவான். சிரிப்பை அடக்க முடியாம நான் முகத்தை மூடிக்குவேன். "ஆஹா, என்ன வெட்கம்!"னு டைரக்டர் குதிப்பார்.

கடைசி நாள், அவன் என்னைக் கல்யாணத்துக்குக் கேக்குற காட்சி. கேமராக்காரர் கைப்பிடியைச் சுத்த ஆரம்பிச்சார். ஒட்டடைக்குச்சி என் கையைப் பிடிச்சு, "நாளைக்கு வேற கம்பெனிக்குப் போறேன், ரொம்ப தூரம். என்னைக் கட்டிக்கிறியா?"ன்னான். இன்னிக்கு உருளைக்கிழங்குக்குப் பதிலா இது போலிருக்குன்னு நினைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்! "போடா, மூஞ்சியைக் கழுவிட்டு வா"ன்னு சொல்லி, வழக்கம்போல முகத்தை மூடிக்கிட்டுச் சிரிச்சேன். நான் கையை எடுக்கறப்ப அவனும் சிரிச்சுட்டுத்தான் இருந்தான்.

மறுநாள், எங்களுக்கு உடுப்பு தைக்கிற எங்க அக்கா ஊசியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தா.

"பாவி, அவன் நிஜமாத்தான்டி கேட்டான். நேர்ல கேக்க பயமா இருக்கு, கேமரா ஓடுறப்ப கேக்குறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தான்."

அதுக்குள்ள ரயில் போயிருந்துச்சு. ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். கேட்டவன் இன்னொரு தடவை கேட்டா குறைஞ்சா போவான்னு எனக்கு வீம்பு. படம் வந்தப்பகூட அதே வீம்புல பாக்கப் போகல. ரெண்டு வருஷத்துல அவனுக்குக் கல்யாணம்னு சேதி வந்துச்சு. எனக்கு அதுக்கப்புறம் யாரையும் பிடிக்கல, அவ்வளவுதான்.

நாப்பது வருஷம் கழிச்சு, போன வாரம் அந்தப் படத்தை மறுபடி போட்டாங்க. தனியாப் போய் உக்காந்தேன். நான் முகத்தை மூடிக்கிட்டிருந்த நேரத்துல அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு அன்னிக்குத்தான் பாத்தேன். உதடு நடுங்கி நின்னு போச்சு. எச்சிலை முழுங்கிட்டு, எனக்காகச் சிரிப்பை இழுத்து வெச்சுக்கிட்டான். சந்தோஷத்துல திணறுறான்னு நினைச்சு ஜனம் கைதட்டுச்சு. நான் சொன்னதா அட்டை வந்துச்சு: "சம்மதம்."

"சம்மதம்டா"ன்னு நானும் வாய்விட்டுச் சொன்னேன்.

முன் சீட்டுக்காரர் திரும்பி, "உஷ்! சத்தம் போடாம பாருங்கம்மா"ன்னார்.